குருவானவர் லெட்டர் இல்லாதவர்களுக்கும் ஆஸ்பத்திரி வேண்டும்: திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான பேராயர் ஐயாமாருக்கும், திருமண்டல நிர்வாகத்தில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பாடுபட்டு நடத்திவரும் டாக்டர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் தென்மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் கற்றுக்கொண்டு, அப்புறம் அரசு வேலைக்குப் போனேன். இரண்டு பக்கத்து வார்டும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்து மனிதர்கள் மேலும் பாசம் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயருக்குக் கீழ் வரும் சபைகளின் நிர்வாகத் தேர்தல், வந்தால் எந்த அணியின் நோட்டீசை எடுத்தாலும் "நம் ஆஸ்பத்திரியை மல்டி ஸ்பெஷாலிட்டியாக உயர்த்துவோம்" என்று ஒரு வரி இருக்கும். அரசு ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில் நம் ஆஸ்பத்திரிகளுக்காகவும் அதன் ஊழியர்களுக்காகவும் ஜெபிக்கிறோம், நல்லது. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே போகிற நம் ஜனங்களில் பாதிப்பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குவது ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். அந்த நிலையத்துக்காக, அதில் தனி ஆளாக ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்சுக்காக, அதற்குப் பணம் ஒதுக்க வேண்டிய சட்டமன்றத்துக்காக நம் வாயில் ஜெபம் வருவதில்லை. சுகமளிக்கும் ஊழியம் என்றால் நமக்குச் சொந்தமாகக் கட்டடம் இருக்கிற ஆஸ்பத்திரி மட்டும்தான் என்று எப்படியோ பழகிப்போய்விட்டோம். இந்தப் பழக்கம் தவறு என்றும், அரசு வரிப்பணத்தில் எல்லோருக்கும் நடத்துகிற வைத்தியத்தைக் காப்பாற்றுவது கிறிஸ்தவனுடைய கடமை என்றும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாற்கு 5-ம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தை வேதத்தில் அதைவிட நேராகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடு, அதாவது ஓயாத உதிரப்போக்கு, இருந்த ஸ்திரீ. நாம் அவளுடைய விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டதைப் பற்றிப் பாட்டுப் பாடியிருக்கிறோம். அவள் கையில் இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்துவிட்டாள், அப்படியும் குணமாகவில்லை, இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதியிருப்பதைப் பிரசங்கத்தில் நிறுத்திச் சொன்னவர்கள் குறைவு. லூக்கா தானே ஒரு வைத்தியர், அவர்கூட அவள் ஆஸ்தி முழுவதும் வைத்தியத்துக்கே போனதை மறைக்கவில்லை. நோயோடு சேர்ந்து வந்த அந்த வறுமையும் சுவிசேஷத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஸ்திரீ இன்றைக்கும் இருக்கிறாள். மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14-ல் இந்தியாவில் வைத்தியத்துக்கு ஆன மொத்தச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் தங்கள் கைக்காசிலிருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தது சந்தோஷம்தான். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பில் கவுண்டரில் கட்டுகிற பணமாகவே இருக்கிறது. அரசு செலவிடுவது அதே ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017-ல் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்தார்கள். அதைப் பற்றி ஒரு திருமண்டலமாவது ஒரு தீர்மானம் போட்டு நிதியமைச்சருக்கு அனுப்பியிருக்குமா? பள்ளி மானியம் நின்றால் பேரணி போகிறோமே, இதற்கும் போக வேண்டாமா?

"நல்ல சமாரியன் அரசாங்கத்திடம் போகவில்லை, தன் கைக்காசைத்தான் கொடுத்தான்" என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். சரி, அந்த உவமையை முழுசாகப் படிப்போம். எரிகோ சாலையில் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போனவனைப் பார்த்தும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள், சமாரியன் நின்றான். அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், அது நர்ஸ் வேலை. தன் வாகனத்தில் ஏற்றினான், அது ஆம்புலன்ஸ் வேலை. மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, இதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். நோயாளியிடம் ஒரு காசு கேட்கப்படவில்லை, அவன் யார் எந்த ஊர் என்று விசாரிக்கப்படவில்லை, செலவுக்கு உச்ச வரம்பு வைக்கப்படவில்லை. வைத்தியம் பார்க்கிறவன் ஒருவன், பணம் கொடுக்கிறவன் வேறொருவன், படுத்திருப்பவனுக்குக் கவலையில்லை. பொது மருத்துவத்துக்கு நிதி கொடுப்பது என்றால் இதுதான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர வைத்தியத்தை அரசு தன் செலவில் பார்க்கிறது. எரிகோ சாலையில் கிடந்தவனை நினைக்காமல் அந்த அரசாணையை என்னால் படிக்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்த வழியே சமாரியன் வராமல் போயிருந்தால்? ஆசாரியனும் லேவியனும் போன பிறகு யாருமே வராத நாட்களில் அந்தச் சாலையில் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? தர்மத்துக்கு இருக்கிற குறை இது. கொடுக்கிறவன் நல்லவன், ஆனால் அவன் வருகிற நேரத்தில் அடிபடுவதற்கு அதிர்ஷ்டம் வேண்டும்.

இதைத் தன் காலிலேயே அனுபவித்த ஒரு போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாமி டக்ளஸ், 1904-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடிபோனவர். சிறுவனாக இருந்தபோது காலில் எலும்பு அழுகல் நோய். குடும்பம் ஏழை, காலை எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. ஒரு பெரிய எலும்பு மருத்துவர் தன் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இந்தப் பையனை இலவசமாக எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்தார், கால் தப்பியது. டக்ளஸ் வளர்ந்து பாப்டிஸ்ட் போதகரானார். சஸ்காச்சவன் மாகாணத்தில் வேபர்ன் என்ற ஊரில், 1930-களின் பஞ்ச காலத்தில், சபை நடத்தினார். தன் கால் தப்பியது ஒரு மருத்துவருக்கு அன்றைக்குத் தோன்றிய இரக்கத்தால், இரக்கம் தோன்றாத இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் கால் போய்விடும், இது நியாயமில்லை என்று அவர் மனதில் பட்டிருந்தது. அரசியலுக்குப் போய், 1944-ல் மாகாணத்தின் பிரதமரானார். 1947-ல் எல்லோருக்கும் அரசு ஆஸ்பத்திரிக் காப்பீடு வந்தது. 1962 ஜூலை 1-ல், அவருக்குப் பின் வந்த அரசின் காலத்தில், டாக்டர் கட்டணமும் அதில் சேர்ந்தபோது அங்கிருந்த டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. சில வருஷத்தில் கனடா முழுவதும் அந்த ஏற்பாடு வந்தது. இவ்வளவையும் தொடங்கி வைத்தவர் ஒரு சபைப் போதகர். பிரசங்க பீடத்தில் சொன்னதை அவர் பட்ஜெட்டில் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சரித்திரத்துக்கு வருவோம். நான் அதைக் குறைத்துப் பேச வரவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்குப் பெண் வைத்தியர் கேட்டு, இல்லையென்று திரும்பிப்போய், மூன்று பெண்களும் செத்துப்போனதால்தான் மிஷனரி வீட்டுப் பெண்ணான ஐடா ஸ்கடர் டாக்டரானார், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி உண்டாயிற்று. 1922-ல் எவரெஸ்ட் மலைக்குப் போன ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல், ஊர் திரும்புவதற்கு முன் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். நீண்ட வரிசையில் நோயாளிகள், ஒரே ஒரு அறுவை மருத்துவர். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் இரண்டு பேருமே டாக்டர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உண்டாக்கினார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இவர்கள் எல்லோரும் போனது ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு, வைத்தியம் கிடைக்காத ஆட்களிடம். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் காலத்தில் அந்த வெற்றிடம் கிராமத்துப் பிரசவத்தில் இருந்தது, தொழுநோயில் இருந்தது, கண்புரையில் இருந்தது.

இன்றைக்கு அந்த இடங்களில் பாதிக்கு மேல் அரசு வந்து நிற்கிறது. பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் போட்டது சென்னை மாகாணம், 1939-ல். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-ல் கொடுத்த அறிக்கையில், பணம் கொடுக்க முடியவில்லை என்ற காரணத்துக்காக ஒருவருக்கும் போதுமான வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று எழுதி வைத்தது. அதை நான் வாசித்தபோது ஏதோ நிருபத்தில் வருகிற வசனம் போலிருந்தது. அந்தக் கொள்கையில் முழுசாக நாடு நடக்கவில்லை, ஆனால் தமிழ்நாடு ஓரளவு நடந்தது. நம் மாநிலத்தில் இன்று பிரசவம் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, ஏழை வீட்டுப் பிரசவம் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியில்.

மருந்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் சபையாருக்கு இது தெரியாது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அரசு தொடங்கியது. மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, வந்த சரக்கைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பித் தேறினால்தான் வெளியே விடுவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், பேங்க் பாஸ்புக் மாதிரியே, அதில் இந்த ஆண்டு உங்களுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். அந்த மாத்திரை அட்டையின் பின்னால் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். வெளியே கடையில் அதே மருந்து விற்கிற விலையில் ஒரு சிறு பங்குக்கு மொத்தமாக வாங்கி, ஒரு பைசா வாங்காமல் கையில் கொடுக்கிறார்கள். வேறு மாநிலங்கள் வந்து பார்த்து இதே ஏற்பாட்டைச் செய்துகொண்டன. ஃபார்மசி ஜன்னலில் ஒரு கிழவி முந்தானையை விரித்து அந்த அட்டைகளை வாங்கி முடிந்துகொண்டு போவதைப் பார்க்கிறபோதெல்லாம், வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமத்தில் கர்த்தர் இட்ட கட்டளை எனக்கு நினைவு வரும். அதைக் கர்த்தர் மனமிருந்தால் செய்யென்று சொல்லவில்லை. கட்டளையாகப் போட்டார். அந்த ஓரத்துக் கதிர் எளியவனுக்குச் சேர வேண்டியது, அவன் யாரையும் கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை.

கும்பிட்டு வாங்குவது என்றால் என்ன என்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் உறவுக்காரர் ஒருவருக்குத் துணையாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தேன். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் இடத்தில் எனக்கு முன்னால் நின்ற குடும்பம் ஒரு கவரை நீட்டியது. அவர்கள் ஊர் குருவானவர் கொடுத்த லெட்டர், இன்ன சேகரத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம், சலுகை தர வேண்டுகிறேன் என்று முத்திரையோடு இருந்தது. உள்ளே போய் வந்து பில்லில் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். சந்தோஷம். எனக்குப் பின்னால் நின்றவள் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள், புருஷனுக்குக் காலில் புண், சர்க்கரை. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்த லெட்டர் எங்கே வாங்கணும்?"

அவள் சபைக்காரி இல்லை. அவளுக்குக் குருவானவரும் இல்லை, கமிட்டி மெம்பரும் இல்லை. சலுகை என்று ஒன்று இருக்கிறது என்பதே லெட்டரைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் உள்ளே போய்ப் பேசினேன், ஏதோ கொஞ்சம் குறைத்தார்கள். கம்மலைக் கழற்றித்தான் மீதியைக் கட்டினாள். அங்கே வேலை பார்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு இருந்த விதி அப்படி.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை இந்த இடத்தில் படித்துப் பாருங்கள். ஆதிச்சபையில் அன்றாட விசாரணையில், அதாவது ஏழைகளுக்குத் தினமும் பங்கிட்டுக் கொடுப்பதில், கிரேக்கு பேசுகிற விதவைகள் விட்டுப்போனார்கள், எபிரெயருக்கு மட்டும் கிடைக்கிறது என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளுக்கு லெட்டர் கொடுத்து அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள், அந்த ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர். யார் விட்டுப்போனார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே நிர்வாகம் போயிற்று. ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் அடுத்தபடியாக ஆதிச்சபை உட்கார்ந்து யோசித்துத் தீர்த்த முதல் நிர்வாகப் பிரச்சினை, பொதுப் பணம் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான். நம் மெடிக்கல் போர்டுகளில் நோயாளி பக்கத்து ஆள் எத்தனை பேர்? சபைக்கு வெளியே உள்ள ஏழை ஒருத்தராவது உண்டா?

அதனால் மிஷன் ஆஸ்பத்திரி நடத்துகிற உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். சலுகைக்கு லெட்டர் முறையை எடுத்துவிடுங்கள். ரேஷன் அட்டையோ காப்பீட்டு அட்டையோ எதை வைத்து யாருக்கு எவ்வளவு குறைப்பு என்று ஒரு விதி போட்டு, அதைத் தமிழில் பெரிய எழுத்தில் பில் கவுண்டருக்கு மேலே மாட்டுங்கள். செங்கல் சூளைக்காரியும் அதைப் படித்து, எனக்கு இவ்வளவு என்று கேட்கட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை வைத்தியம், கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நம் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் அதை எடுப்பதில்லை. எடுக்கிற சில இடங்களில் திட்டத் தொகை போக "இந்தச் சாமான் இதில் வராது" என்று தனியாக வாங்குகிறார்கள். திட்டத் தொகை கட்டுப்படியாகவில்லை, கிளெய்ம் பணம் வர மாதக்கணக்காகிறது, அதுவரைக்கும் சம்பளம் எதில் போடுவது என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், அது பொய்யில்லை. வெளிநாட்டுக் காணிக்கை குறைந்துபோயிற்று, நல்ல சர்ஜன் கிராமத்துக்கு வருவதில்லை, மெஷின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அதற்குப் பதில் ஏழையிடம் தனியாக வாங்குவதா? எல்லா சபை ஆஸ்பத்திரிகளும், சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், கத்தோலிக்கம் என்று பார்க்காமல், ஒன்றாகச் சேர்ந்து கணக்கை எடுத்துக்கொண்டு அரசிடம் போங்கள். ஒரு சிசேரியனுக்கு எங்களுக்கு உண்மையில் இவ்வளவு ஆகிறது, லாபம் வைக்கவில்லை, இதோ தணிக்கை செய்த கணக்கு என்று மேசையில் போடுங்கள். கார்ப்பரேட் ஆஸ்பத்திரி தன் உண்மையான செலவை ஒருபோதும் அரசிடம் காட்டாது. நீங்கள் காட்டினால் விலை நிர்ணயம் செய்கிறவர்களுக்கே அது பெரிய உதவியாக இருக்கும். அதைச் செய்ய முதலில் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், சபையாருக்கும் வருஷா வருஷம் வெளியிட வேண்டும். ஆஸ்பத்திரி டெண்டர், டாக்டர் நியமனம், கேன்டீன் ஏலம் வரைக்கும் தேர்தல் அணி பார்த்து நடக்கிறது என்று சபையார் பேசிக்கொள்வது உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

நடத்த முடியவில்லை என்று தனியாருக்கு நீண்ட குத்தகைக்கு விடுகிற பேச்சும் அங்கங்கே கேட்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஏழைக்கென்று காணிக்கை கொடுத்தவர்களின் நிலம் அது. பொது ஆஸ்பத்திரியாக உங்களால் நடத்த முடியாவிட்டால், அரசு இன்னும் சரியாகப் போய்ச் சேராத வேலைக்கு அந்தப் படுக்கைகளைத் திருப்புங்கள். புற்றுநோய் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். பக்கவாதம் வந்து கிடக்கிற ஏழைக்குப் பிசியோதெரபி வேண்டும். மனநோய் தீர்ந்தும் வீட்டில் சேர்க்காதவர்களுக்கு இருக்க இடம் வேண்டும். தொழுநோய் குறைந்துவிட்டது என்று எல்லோரும் மறந்த பிறகும் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் கையும் காலும் மரத்துப்போனவர்களை விடாமல் பார்க்கிறார்களே, வேலூரிலேயே ஏழைகளுக்கென்று குறைந்த செலவில் நல்ல வைத்தியம் தருவதற்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. ஐடா ஸ்கடர் இன்று வந்தால் நாலாவது எம்.ஆர்.ஐ. மெஷின் இருக்கிற ஊரில் ஐந்தாவதை வாங்கி வைப்பார் என்று நான் நம்பவில்லை.

இனி சபைகளுக்கு. அரசு ஆஸ்பத்திரி என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். அங்கே இருக்கிற குறை எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, பிள்ளை பிறந்தால் ஆணுக்கு ஒரு தொகை பெண்ணுக்கு ஒரு தொகை, ஒரு நர்சுக்கு அறுபது நோயாளி, கழிவறைக்குப் போக மூக்கைப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் உண்மை, நான் வேலை பார்த்த இடங்களிலும் நடந்தது, சண்டை போட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கேட்கத் தெரிந்தவர்கள் வருகிற வார்டில் இது குறைகிறது. வசதியானவர்களும் படித்தவர்களும் வரிசையைவிட்டுப் போகப்போக, கேள்வி கேட்க ஆளில்லாமல் ஆஸ்பத்திரி கெட்டுப்போகிறது. நம் ரிட்டையர்டு ஆசிரியர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரும் வாரத்தில் ஒரு காலை அங்கே போய் உட்கார்ந்தால் போதும், எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு சீட்டு எழுதிக்கொடுத்து, காசு கேட்கிறவனிடம் ஏன் என்று கேட்டால் போதும், நிறைய மாறும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுவிசேஷக் கைப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். படுத்திருக்கிறவனுக்கு எழுந்துபோக முடியாது, அவனிடம் அந்த நேரத்தில் பேசுவது நியாயமில்லை.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் நர்ஸ்! 2015-ல் தேர்வு எழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பிப் போனவர்கள், வருஷக்கணக்காகக் காத்திருந்து சென்னையில் போராட்டம் உட்கார்ந்தார்கள். கொரோனா நேரத்தில் பிபிஇ உடைக்குள் வியர்த்து நின்றவர்கள் இவர்கள்தான். அவர்களோடு போய் உட்கார ஒரு ஆயராவது வந்திருக்கலாம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு நாம் கொடுக்கிற சம்பளமும் குறைவு என்பதால்தான் வாயைத் திறக்க முடியவில்லையோ என்றும் எனக்குப் படுகிறது. "ஊழியம்" என்று சொல்லிப் பிள்ளைகளின் கூலியைக் குறைக்கக் கூடாது. அறுத்தவர்களுடைய கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது நமக்கும் சேர்த்துத்தான்.

வரியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, கசந்தாலும் சரி. தசமபாகத்தைப் பைசா சுத்தமாக எண்ணிப் போடுகிற நம் ஆட்கள், வீடு வாங்கும்போது கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கையில் கொடுக்கிறார்கள். கடைக்காரர் பில் வேண்டாமென்றால் விலை குறைப்பேன் என்றால் சரி என்கிறோம். அந்தப் பணத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்சுலின் வர வேண்டும், 108 வண்டிக்கு டீசல் போட வேண்டும். வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியைச் செலுத்துங்கள் என்று ரோமர் 13-ல் பவுல் எழுதியது கிறிஸ்தவரல்லாத ஒரு சாம்ராஜ்யத்தைப் பற்றி. அந்த ரோம இராயன் வரிப்பணத்தில் பெரும்பாடுள்ள ஸ்திரீக்கு வைத்தியம் பார்க்கவில்லை. நம் அரசு பார்க்கிறது. அப்படியானால் நம் கடமை எவ்வளவு அதிகம்? ஆளுகிறவர்கள் அதைத் திருடுகிறார்களே என்று கேட்பீர்கள். திருடினால் கேட்போம், கேட்கத்தான் சொல்கிறேன். ஒழுங்காகக் கட்டினவனுக்குத்தான் கேட்கிற வாய் இருக்கும்.

கடைசியாக, சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி. ஜெபம் சுகமாக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ராத்திரி டியூட்டியில் நான் ஜெபிக்காத நோயாளி இல்லை. ஆனால் கூட்டத்தில் சொன்னார்கள் என்று டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரத்தம் துப்பிக்கொண்டு வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிபி மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், வீட்டுப் பிள்ளைக்கும் தொற்றும். அரசு இலவசமாகக் கொடுக்கிற மருந்து, வீடு தேடி வந்து கொடுக்கிற மருந்து, அதை நிறுத்தச் சொல்கிற யாரையும் உங்கள் பிரசங்க மேடையில் ஏற்றாதீர்கள். ஏற்றினால், எழுந்து நின்று மறுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த திருமண்டலப் பெருமன்றக் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சலுகை விதியை எழுதி மாட்டுவது, காப்பீட்டு நோயாளியிடம் தனியாக வாங்குவதில்லை என்பது, ஆஸ்பத்திரிக் கணக்கை வெளியிடுவது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதில்லை என்பது, சுகாதாரத்துக்கு 2.5 சதவீதம் கேட்டு மத்திய மாநில அரசுகளுக்கு எழுதுவது என்று தீர்மானம் போடுங்கள். மன்றத்துக்கு முன் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், அங்கி போடாமல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று பிரஷர் பார்த்துவிட்டு வாருங்கள். பேராயர் ஐயாமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்த ஊரானாலும் கூட வர நான் தயார்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில்,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருத்தி,
திருநெல்வேலிச் சீமை